கிறிஸ்டினா பார்த்த திசை

ஜூன் 3, கார்ல்ஸ்ஹாம்ன்

மினசோட்டாவில் எங்கள் லிண்ட்ஸ்ட்ரம் ஊரின் பெரிய தெருவில் ஒரு தம்பதியின் சிலை உண்டு. கார்ல் ஆஸ்கர் முன்னே பார்க்கிறான். கிறிஸ்டினா பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். எதைப் பார்க்கிறாள் என்று சின்ன வயதில் அம்மாவை நச்சரித்திருக்கிறேன். மூலச் சிலை சுவீடனின் இந்தத் துறைமுகத்தில் இருக்கிறது. வில்ஹெல்ம் மூபெரியின் நாவல் மாந்தர்களை ஆக்செல் உல்சன் 1959-இல் வடித்தார். கார்ல் ஆஸ்கருக்கு எதிரே கடல். கிறிஸ்டினாவின் முகம் கரைப்பக்கம்.

அம்மாவும் என் மகளும் என்னோடு வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு வயது 76. எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை கடல் தாண்டியதில்லை, கொள்ளுப்பாட்டிக்குப் பிறகு.

ஜூன் 4, வேக்ஷோ

1968-இல் திறந்த புலம்பெயர்ந்தோர் இல்லத்தில் கொள்ளுப்பாட்டியின் பதிவைத் தேடிக் காலை முழுக்க வீண். அமெரிக்காவில் வைத்துக்கொண்ட குடும்பப் பெயரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அன்றைய சுவீடனில் தகப்பன் பெயரே பிள்ளைக்கு அடையாளம்: யோஹானின் மகன் யோஹான்சன், மகள் யோஹான்ஸ்தோத்தர். கல்யாணமானாலும் பெண் அந்தப் பெயரை விடுவதில்லை. அம்மாவின் பழைய பைபிளில் ஊர்ச்சபையின் பெயர் எழுதியிருந்ததால் பிழைத்தோம்.

அந்தக் காலத்துப் பாதிரியார்கள் வீடு வீடாக வாசிப்பையும் வேதபாடத்தையும் சோதித்து ஏட்டில் குறித்தார்கள். அதில் கொள்ளுப்பாட்டியின் வரி: நன்றாக வாசிப்பாள். கடைசிக் கட்டத்தில், 'வட அமெரிக்கா, 1869'. அம்மா அந்த வரியை விரலால் தடவினாள், மூன்று முறை. வாசிக்கத் தெரிந்த பெண் என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை.

1868-இன் வறட்சியில் இந்த ஸ்மோலண்ட் பகுதியின் பயிர் கருகியது. பாகம் பிரிந்து பிரிந்து சுருங்கிய நிலம், அதிலும் பாதி கல். அமெரிக்காவுக்குப் போன சுவீடன்காரர்கள் மொத்தம் ஏறக்குறைய 13 லட்சம் பேர். பலர் யோத்தபோரியில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஹல்லில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய் மறுபடி கப்பலேறினார்கள். கைக்குழந்தையோடு கொள்ளுப்பாட்டி அதை எப்படித்தான் தாங்கினாளோ!

ஜூன் 5, காட்டுக்குள்

கொள்ளுப்பாட்டியின் வீடு இருந்த இடத்துக்கு உள்ளூர் முதியவர் ஒருவர் வழிகாட்டினார். வீடு இல்லை. வயல் இருந்த இடமெல்லாம் ஸ்ப்ரூஸ் மரங்கள். அடுப்பின் அடிக்கற்களும், வாசலில் நட்ட லைலாக் செடியும் மிச்சம், செடி பூத்திருந்தது. உழுவதற்காகப் பொறுக்கிய கற்கள், மரங்களுக்கு நடுவே பாசி படர்ந்து குவியல் குவியலாகக் கிடந்தன. நான் ஒன்றைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை.

அம்மா அடுப்புக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். என் மகள் குவியல்களை எண்ணிக்கொண்டு வந்தாள். பதினேழு.