பற்றாக்குறை என்றொரு சொல்

சிறு நகரங்களுக்குப் போகும் ஐம்பது இருக்கை விமானங்களில் ஏறும்போது, விமானி அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் இளம் முகங்கள். வெளியே பெரிய நிறுவனத்தின் பெயரும் வண்ணமும் பூசியிருக்கும்; ஓட்டுபவருக்குச் சம்பளம் தருவதோ வேறொரு சிறு நிறுவனம். அமெரிக்காவில் பிராந்திய விமான சேவை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அங்கே விமானிகள் பற்றாக்குறை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரட்டைப் பெயர்தான் என் நினைவுக்கு வரும்.

2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். வேகம் குறைந்துவிட்டதென்று எச்சரித்துக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது, முன்னே தள்ளவேண்டிய அதை கேப்டன் பின்னால் இழுத்துவிட்டார். துணை விமானி முந்தைய இரவு முழுதும் பயணம் செய்து சியாட்டிலிலிருந்து வேலைக்கு வந்தவர். கேப்டன் பணியாளர் ஓய்வறையில் இரவைக் கழித்தவர். அவர்கள் வாங்கிய சொற்பச் சம்பளமும் விசாரணையில் பேசுபொருளாயிற்று.

இறந்தோரின் குடும்பத்தினர் விடாது போராடியதால் 2010-இல் சட்டம் வந்தது. துணை விமானியாகச் சேர அதுவரை 250 மணி நேரப் பறத்தல் அனுபவம் போதும். 2013 முதல் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. இதிலுள்ள முரண், விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 2,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பது. களைப்புக்கும் பயிற்சிக்கும் தனி விதிகள் வந்தன. சம்பளத்தைச் சட்டம் தொடவில்லை.

கடன் வாங்கிப் பயின்று, பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்து மணிக்கணக்கைச் சேர்த்து, பிறகு சொற்ப ஊதியத்தில் சேர எத்தனை பேர் வருவார்கள்? 2018-இல் கிரேட் லேக்ஸ் நிறுவனம் தன் சேவையை நிறுத்தியது. 2022-இல் ஸ்கைவெஸ்ட், விமானிகள் இல்லையென்று 29 சிற்றூர்களைக் கைவிட முன்வந்தது. பெருந்தொற்றின்போது முன்கூட்டி ஓய்வுபெற்றவர்களின் இடங்களை நிரப்ப, பெரிய நிறுவனங்கள் சிறியவற்றின் விமானிகளை இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அதே ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புதிய துணை விமானிகளுக்கு மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன. பத்தாண்டுகளாக முடியாதென்று சொல்லப்பட்டது சில மாதங்களில் முடிந்தது.

பற்றாக்குறை என்னும் சொல்லில் பஞ்சத்தின் சாயல் இருக்கிறது. வானம் பொய்த்ததைப் போல, யாரும் பொறுப்பில்லாத ஒன்று. இங்கே பொய்த்தது கூலி.

ஆனால் கதை அதோடு முடிவதில்லை. ஐம்பது இருக்கையானாலும் நூற்றெண்பது இருக்கையானாலும் ஓட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். உயர்ந்த ஊதியத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சிறு விமானத்தில் ஆட்கள் குறைவு. ஆகவே நியாயமான கூலியின் சுமை முதலில் இறங்குவது, விமானம் வராவிட்டால் பெரிய மருத்துவமனைக்குப் பல மணி நேரம் கார் ஓட்டவேண்டிய ஊர்களின் மேல்தான். அவ்வூர்களின் மலிவான பயணச்சீட்டுக்கு இத்தனை காலம் விலை கொடுத்துவந்தவர்கள், ஓய்வறை நாற்காலிகளில் உறங்கிய விமானிகள். இனி அதைக் கொடுக்கவேண்டியவர் யார் என்பதை நேராகக் கேட்பதற்கு அங்கே இன்னும் தயக்கம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.