ஓ.டி.பி. யார் போனுக்கு?

ராத்திரி பதினொன்றே காலுக்கு ஓ.டி.பி. வந்தது. அவருடைய போனுக்கு அல்ல, மனைவியின் போனுக்கு. வங்கிக் கணக்கில் அவள் நம்பரைக் கொடுத்திருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“ஏனுங்க, ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு என்னத்த வாங்கறீங்க?”

“மூணு டிராக்கு… ரெண்டு காரு.”

தூக்கக் கலக்கத்தில் அவளுக்கு ஒரு கணம் நிஜக் கார் என்றே பட்டது.

பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர் அவர். பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்கிறார். இளவயதில் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வேலியோரம் நின்று ரேஸ் பார்த்த ஆள். உள்ளே இறங்கி ஓட்டுகிற வசதி அமையவில்லை. இரண்டு வருஷம் முன்னால் யாரோ விற்ற பழைய ஸ்டீயரிங்கும் பெடலும் வீட்டுக்கு வந்தன. கம்ப்யூட்டரில் ஐரேசிங் ஏறியது. 2008 முதல் நடக்கிற அமெரிக்க சிமுலேட்டர் அது. நிஜ டிராக்குகளை லேசரால் அளந்து, மேடு பள்ளம் வரைக்கும் அப்படியே கொண்டுவந்திருப்பார்கள். பக்கத்தில் ஓட்டுகிறவர்கள் எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்கள்.

சந்தா கட்டினால் மாஸ்டா எம்எக்ஸ்-5 போல சில கார்களும், சில டிராக்குகளும் கூடவே வரும். மற்றதெல்லாம் தனிக்காசு. கார் சுமார் 12 டாலர், டிராக் பெரும்பாலும் 15 டாலர். ஒரு சீசனுக்கு 12 வாரம், வாராவாரம் டிராக் மாறும். சிக்கலே இங்கேதான். இந்த வாரம் எந்த டிராக்கோ அது கையில் இல்லாதவர் அந்த ரேஸில் சேர முடியாது. எல்லோரும் ஓட்டும்போது தான் மட்டும் பழையபடி வேலியோரம் நிற்கவேண்டும் என்கிற பயம்தான் அவரை வாங்கவைக்கிறது. அதற்குமேல் தள்ளுபடி வேறு.

“மூணுக்கு மேல எடுத்தா பத்து சதவீதம் குறையும். ஆறு எடுத்தா பதினைஞ்சு.”

“ஆடித் தள்ளுபடியில நான் ரெண்டாவது சேலை எடுத்தப்ப என்ன சொன்னீங்க?”

அவர் சொன்னது அவருக்கே நன்றாக ஞாபகம் இருந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “இதுவரைக்கும் வாங்கினதெல்லாம் காட்டுங்க.” பதினான்கு டிராக்குகள். ஒழுங்காக ஓட்டியது ஆறு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே, 20.8 கிலோமீட்டர். போன வருஷம் வாங்கினார். நான்கு முறை கிளம்பி மூன்று முறை தடுப்பில் மோதியதோடு சரி. அதன் வளைவுகள் மனதில் ஏறவே மாதக்கணக்கில் ஆகும்.

“மடிப்பு கலையாமலே இருக்குதுங்க” என்றாள். பீரோவில் அவளுடைய சேலைகளும் அப்படித்தான். அதை அவர் சொல்லவில்லை, நல்லவேளை.

“சந்தா கட்டாம விட்டா?”

“ஓட்ட முடியாது. மறுபடி கட்டினா இதெல்லாம் அப்படியே இருக்கும்.”

கொஞ்சநேரம் அவள் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள். “பட்டறையில ஆர்டர் கொறஞ்சதுல இருந்துதானே இப்படி வாங்கறீங்க?”

கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஆர்டர் குறைந்ததை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. பையன்கள் இரண்டு பேருக்குக் கூலி கொடுக்க சீட்டுப் பணத்தில் கைவைத்ததையும்தான்.

ஓ.டி.பி. அதற்குள் காலாவதியாகியிருந்தது.

“இதுல எதை நெஜமாவே ஓட்டுவீங்க?”

அவர் சீசன் அட்டவணையைத் திறந்து, பட்டறை பில் புக்கின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்தார். அவர் ஓட்டும் இரண்டு தொடர்களிலும் வருவது பெல்ஜியத்தின் ஸ்பா மட்டும். 7 கிலோமீட்டர் டிராக், கிளம்பிய கொஞ்சத்திலேயே மலை ஏறும் வளைவு. மற்ற நான்கையும் நீக்கினார். தள்ளுபடியும் போயிற்று.

அவள் போன் மறுபடி ஒலித்தது. முதல் மூன்று எண்களை வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

“சீட்டுப் பணம்?”

“பத்தாம் தேதிக்குள்ள கட்டிடறேன். நாளைக்குக் கணக்கெல்லாம் உக்காந்து சொல்றேன்.”

மீதி மூன்றையும் வாசித்தாள்.