மறுநாள் காலை வரை பொறு!

மைனஸ் 196 டிகிரி. திரவ நைட்ரஜனில் மனித ஸ்டெம் செல்கள் தூங்குகிற குளிர் அது. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில், அதிலிருந்து ஒரு குப்பியை எழுப்புகிற பொறுப்பு என் தலையில். சீனியர் அக்கா படிப்பு முடிந்து கிளம்பும்போது கட்டி கட்டியாக உறைய வைத்தது. மிச்சம் ரெண்டே ரெண்டு.

'உறைய வைக்க நிமிஷத்துக்கு ஒரு டிகிரி, உருக்க சட்டுனு!' இதுதான் பாடம். 37 டிகிரி தண்ணீரில் உருக்கி, பிப்பெட்டால் தனித்தனியாகப் பிரித்து, ட்ரைபேன் ப்ளூ விட்டேன். செத்த செல்லில்தான் நீலம் ஏறும். ஏறவே இல்லை, ஒண்ணு ரெண்டைத் தவிர! கேன்டீனில் எல்லோருக்கும் என் செலவில் டீ.

மறுநாள் தட்டு முழுக்க மிதக்கும் பிணங்கள்.

அக்காவுக்கு போன் போட்டேன். திட்டவில்லை. "இதுங்க கூட்டமா வாழறதுங்கடா. தனியா பிரிச்சா தானா செத்துடும். ராக் இன்ஹிபிட்டர் சேர்த்தியா?"

அப்படிப் பிரிந்த செல்களைக் காப்பாற்றும் என்று 2007-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மருந்து. எங்க ஃப்ரீசரிலேயே இருந்தது. நான்தான் சேர்க்கலை.

கடைசிக் குப்பி. கட்டிகளை உடைக்கவில்லை, மருந்தும் சேர்த்தேன். ராத்திரி தூக்கமே இல்லை. காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தட்டோடு ஒட்டிக்கிட்டு சின்னச் சின்னத் தீவுகளாக உட்கார்ந்திருந்தன.

டீ வாங்கிக் கொடுத்தது அதுக்கப்புறம்தான்.