நாணயக் கடையில் முதலில் நாற்காலி



இந்தப் பக்கத்தில் வழக்கமாக கோயில் துப்புரவுப் பணி, அன்னதானம், தொண்டர் பட்டியல் என்றுதான் எழுதுவோம். இன்று வேறு ஒரு விஷயம். ரொம்ப நாளாகப் பலர் கேட்கிறார்கள்: "ஞாயிற்றுக்கிழமை ஆனா நீங்க நாலு பேரும் அந்தக் காசுக் கடையில என்னதான் பண்றீங்க? எப்பப் பார்த்தாலும் அங்க என்ன கூட்டம்?" எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

உண்டியல் எண்ணும் நாளில் எங்களோடு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பழைய காசு ஒன்று தட்டில் விழுந்தால் எங்கள் கை நின்றுவிடும். அதைத் தனியாக எடுத்து, நிர்வாகத்திடம் காட்டி, எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை. நாங்கள் நால்வரும் கிள்ளானில் ஒரே தொழிற்சாலையில் முப்பது வருடம் ஓட்டியவர்கள். எங்களில் மூத்தவர் வேலை ஓய்வு பெற்றதும், சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, ஒரு சின்ன ஷாப்லோட்டில் நாணயக் கடை திறந்தார். மீதி மூன்று பேரும் ஷிப்டு இல்லாத நாளில் போய் உட்காருகிறோம். சம்பளம் கிடையாது. டீயும் ரொட்டி சானாயும் உண்டு.

கடை திறப்பதற்கு முன் நாங்கள் பேசி முடிவெடுத்தது ஒன்றுதான். நாணயக் கடைக்கு வருகிறவன் இரண்டு பயத்தோடு வருகிறான். ஒன்று, 'நமக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடித்துவிடுவார்களோ'. இன்னொன்று, 'ஏமாற்றிவிடுவார்களோ'. இந்த இரண்டு பயமும் போகாமல் ஏர்கான் போட்டாலும், கண்ணாடி அலமாரி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

எங்களுக்கே அந்த அனுபவம் உண்டு. வாலிப வயதில், ஷிப்டு முடிந்து தொழிற்சாலை சட்டையோடு ஒரு கடைக்குப் போனோம். ஒரு காசிலும் விலை ஒட்டியிருக்காது. விலை கேட்டால், "வாங்கப் போறியா, சும்மா கேக்கிறியா?" என்று மறு கேள்வி வரும். சட்டையைப் பார்த்து விலை சொல்லும் கடை அது. அங்கே நாங்கள் இரண்டாம் முறை போகவில்லை. நம் கடையில் அப்படி ஒருவரும் திரும்பிப் போகக்கூடாது என்பதுதான் எங்கள் கணக்கு.

அதனால் முதலில் வாங்கியது அலமாரி இல்லை. நாற்காலி. நாலு நாற்காலி, ஒரு மேசை, மேசையில் பச்சை வெல்வெட் விரிப்பு, ஒரு விளக்கு, பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி, ஒரு டிஜிட்டல் தராசு. தொழிற்சாலையில் கியூசி மேசை எப்படி இருக்குமோ அப்படி. நின்றுகொண்டே காசு பார்க்கிறவன் அவசரத்தில் பார்ப்பான். உட்கார வைத்தால் கேள்வி கேட்பான். கேள்வி கேட்கிறவன்தான் சேகரிப்பாளனாக மாறுகிறான்.

இரண்டாவது, விலைச் சீட்டு. கடையில் உள்ள ஒவ்வொரு காசுக்கும் விலை ஒட்டியிருக்கும். ஆண்டு, நாடு, உலோகம், என்ன குறை (கீறலா, தேய்மானமா, ஓட்டை போட்டு அடைத்ததா) எல்லாம் அதே சீட்டில். கோட் போட்டு வந்தாலும் கைலி கட்டி வந்தாலும் அதே விலை.

மூன்றாவது, தராசு. லைனில் ஒவ்வொரு ஷிப்டு தொடக்கத்திலும் தராசைச் சரிபார்ப்பது எங்களுக்கு முப்பது வருடப் பழக்கம். அதையே கடையிலும் செய்கிறோம். வாடிக்கையாளர் முன்னால் படிக்கல்லை வைத்துக் காட்டிவிட்டுத்தான் அவர் காசை வைப்போம். இது சின்ன விஷயம்போல் தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் எதிரில் இருப்பவர் தோள் தளர்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

போலி நாணயம் கொண்டு வருகிறவர்களை எப்படி நடத்துவது என்பதும் இந்தத் தராசில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் டிரேட் டாலர் என்று ஒன்று உண்டு. கையில் சூலமும் கேடயமும் வைத்துக்கொண்டு பிரிட்டானியா நிற்பாள். 1895 முதல் 1935 வரை அடித்தது, எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. சுற்றுலா இடங்களில் இதன் போலி ஏராளம். ஆசையாக வாங்கி வந்தவரிடம் "இது டூப்ளிகேட்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னால் அவர் அதோடு இந்தப் பக்கமே வரமாட்டார். நாங்கள் நல்ல காசு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைப்போம். "அண்ணே, ரெண்டையும் நீங்களே நிறுத்துப் பாருங்க. ஓரத்தைக் கண்ணாடியில பாருங்க" என்போம். அவரே கண்டுபிடித்துவிடுவார். போனது பணம், கிடைத்தது ஒரு பாடம், மானம் போகவில்லை. அப்படி வந்தவர்களில் சிலர் இப்போது மற்றவர்களுக்குப் போலியைப் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குத் தனித் தட்டு. எதை எடுத்தாலும் ஒரு வெள்ளி. அதில் சதுரக் காசு கிடைக்கும். நம் நாட்டுச் சதுரக் காசில் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், எலிசபெத் ராணி மூவர் தலையும் உண்டு. 1962-ல் ஒரு காசு வட்டமாக மாறியது, தலை போய் இரண்டு கிரிஸ் கத்தி வந்தது. ஒரு தட்டிலேயே நாடு சுதந்திரத்துக்கு நடந்து வந்த கதை இருக்கிறது. அடுத்து 1967-ல் பேங்க் நெகாராவின் முதல் நாணயங்கள், பார்லிமென்ட் கட்டடம் போட்டது. 1989-ல் வந்தவற்றில் பம்பரம், சோங்காக், வெற்றிலைப் பெட்டி, வாவ் பட்டம். 2012-ல் இப்போது நாம் பையில் வைத்திருப்பது. பிள்ளைகளுக்கு ஓர் அட்டை கொடுக்கிறோம். 1967-லிருந்து ஆண்டு வாரியாகக் கட்டம் போட்டது. வீட்டு உண்டியலில் தேடி நிரப்பிக்கொண்டு வரவேண்டும். இதற்குக் காசு வாங்குவதில்லை.

ஒரு தமிழ்ப்பள்ளிப் பையன் கேட்டான்: "அங்கிள், காசு நிக்கல்ல இருக்கு, நோட்டு பேப்பர்ல இருக்கு. அப்புறம் ஏன் வீட்ல அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளின்னு சொல்றாங்க?" நல்ல கேள்வி. மூன்று காசை எடுத்து அவன் உள்ளங்கையில் வரிசையாக வைத்தோம். 1903-ல் வந்த நீரிணைக் குடியேற்ற டாலர், 26.95 கிராம், தொண்ணூறு பங்கு வெள்ளி. 1907-ல் அதையே சுருக்கி 20.21 கிராம் ஆக்கினார்கள். 1919-ல் 16.85 கிராம், வெள்ளி பாதிதான். காசு இளைத்துக்கொண்டே போய், கடைசியில் வெள்ளியே இல்லை. நம் வாயில் மட்டும் அந்த வெள்ளி தங்கிவிட்டது. பையன் மூன்றையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தான். அடுத்த வாரம் அவன் அப்பாவும் வந்தார்.

பெண்கள் விஷயத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாணயக் கடை என்றாலே ஆண்கள் கூடி நிற்கும் இடம் என்று ஆகிவிட்டது. ஆனால் வீட்டில் பழைய காசைக் காப்பாற்றி வைத்திருப்பது யார்? பாட்டிகளும் அம்மாக்களும்தானே. தோட்டத்து டிரங்குப் பெட்டியிலும், பூஜை அறைச் செம்பிலும், மைலோ டின்னிலும் இருப்பது அவர்கள் வைத்தது. அதனால் கதவைத் திறந்தே வைத்திருப்போம். உள்ளே வரும் அக்காவுக்கு முதலில் நாற்காலி. அவர் கொண்டு வந்ததை அவர் கண் முன்னால்தான் கொட்டுவோம். பின்னறைக்கு எடுத்துப் போவது என்ற பேச்சே கிடையாது.

அப்படித்தான் ஒரு அம்மா மைலோ டின்னோடு வந்தார். கணவர் போய் ஆறு மாதம். மகனுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டும். வேறு ஒரு இடத்தில் டின்னை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு விலை சொல்லியிருக்கிறார்கள். "சரின்னு சொல்லிரலாமான்னு இருந்துச்சு. மனசு கேக்கல" என்றார்.

டின்னைக் கொட்டி மூன்று குவியலாகப் பிரித்தோம். முதல் குவியல், ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு. கட்டுக்கட்டாக இருந்தது. இதைத்தான் அவர் பெரிதாக நம்பி வந்திருந்தார். மெதுவாகச் சொன்னோம்: "அம்மா, போர் முடிஞ்சதும் இது செல்லாமப் போச்சு. அச்சடிச்சது ரொம்ப ரொம்ப அதிகம். வரிசை எண் உள்ள ஆரம்ப கால நோட்டுன்னா கொஞ்சம் தேடுவாங்க. இது எழுத்து மட்டும் உள்ளது." முகம் வாடியது. பொய் சொல்லிச் சிரிக்க வைக்க முடியாது.

இரண்டாவது, வெள்ளிக் காசுகள். அவற்றோடு ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய ஒரு ரூபாய் ஒன்று. மூன்றாவது, சில்லறை. யாரும் திரும்பிப் பார்க்காத பார்லிமென்ட் காசுகள். அதில் 1971 என்று போட்ட 10 காசு ஒன்று இருந்தது. அந்த ஆண்டு அந்தக் காசு மிகக் குறைவாகத்தான் அடிக்கப்பட்டது. நம் நாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான். அந்த அம்மாவுக்கு அது வெறும் பத்து காசு.

இந்த இடத்தில்தான் ஒரு கடை எப்படிப்பட்டது என்பது தெரியும். ஒன்றும் சொல்லாமல் "சில்லறையெல்லாம் சேர்த்து இவ்வளவு" என்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த மாதம் கடை வாடகை பாக்கி இருந்தது. கடைக்கார அண்ணன் எங்களைப் பார்த்தார். பிறகு காசை ஒரு உறையில் தனியாகப் போட்டு, அந்த அம்மா கையில் கொடுத்து, அது என்ன என்று சொன்னார். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, நாங்கள் எதற்கு என்ன தருவோம் என்று விலையும் போட்டு, "இன்னும் ரெண்டு கடையில காட்டிட்டு வாங்கம்மா. அவசரமே இல்ல" என்றார்.

அவர் போனதும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடிந்துகொண்டார். "இப்படி எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தா மார்க்கெட் கெட்டுப் போகும். நாளைக்கு ஒருத்தரும் மலிவா விக்கமாட்டாங்க." அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மலிவாக வாங்கினால்தானே எங்களாலும் அவருக்கு மலிவாகக் கொடுக்க முடியும். அன்று இரவு எங்களுக்குள்ளேயே பேச்சு நீண்டது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்தார். 1971 காசை வேறு இடத்தில் எங்களைவிடக் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டார். வெள்ளிக் காசுகளை எங்களிடம் கொடுத்தார். அந்த ஒரு ரூபாயை மட்டும் கொடுக்கவில்லை. மாமனார் கப்பல் ஏறி வந்தபோது இடுப்பில் முடிந்து வந்த காசாம். அதற்கு விலை சொல்ல நாங்களும் விரும்பவில்லை. அந்த மாதம் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். பிறகு அவர் சொல்லி அனுப்பியதாக அவர் அண்ணி வந்தார், பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். இன்றைக்கு எங்கள் கடைக்கு வரும் டின்களில் பாதி அப்படி வாய்வழியாக வருவதுதான். மார்க்கெட் கெடவில்லை. பெட்டிக்குள் பயந்து கிடந்த காசுகள் வெளியே வந்தன, அவ்வளவுதான்.

லாபம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கண்டிப்பாக வேண்டும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில்தான் வாடகை, கரண்ட், அண்ணனின் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. அதையும் மறைப்பதில்லை. "இதை உங்ககிட்ட இந்த விலைக்கு வாங்கி இந்த விலைக்கு விப்போம்" என்று சொல்லிவிடுகிறோம். வெளிப்படையாகச் சொன்ன லாபத்துக்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கடைசியாக, வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை.

தயவு செய்து தேய்க்காதீர்கள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிற கை நம் கை. அதே பழக்கத்தில் காசையும் பளபளவென்று ஆக்கிக் கொண்டு வருகிறார்கள். விளக்குக்கு அது அழகு, காசுக்கு அது நாசம். மேல்தோல் போனால் சேகரிப்பாளர் கொடுக்கும் மதிப்பும் போச்சு.

மெத்தென்ற பிவிசி உறையில் வைக்காதீர்கள். நம் ஊர் புழுக்கத்தில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சேகரிப்பாளர் பயன்படுத்தும் அட்டை உறை மலிவுதான். டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

காசை முகத்தில் பிடிக்காதீர்கள், ஓரத்தில் பிடியுங்கள்.

பவுன் காசில் புதிதாக வளையம் வைக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒருவரிடம் காட்டுங்கள். பற்ற வைத்தபின் பெரும்பாலும் தங்க விலைதான் கிடைக்கும்.

எந்தக் கடைக்குப் போனாலும் மொத்தமாக விலை கேட்காதீர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் டின்னை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே வார்த்தை, நாணயம். முன்னோர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இது விளம்பரம் ஆகிவிடக்கூடாது என்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. எங்களைத் தெரிந்தவர்களுக்குக் கடையும் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உட்கார நாற்காலி இருக்கிறது.