அபிஷேகம் காணாத நடராஜர்

சாரல் பயணம் – 5

சென்ற வாரம் தென்காசிக் கோபுரத்தடிக் காற்றில் உங்களை நிறுத்திவிட்டு வந்தேன். அங்கிருந்து குற்றாலம் பஸ்ஸில் சிறிது நேரம்தான். மெயினருவிக் கூட்டத்தை விலக்கி, குற்றாலநாதர் கோயிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் தெப்பக்குளமும் சித்திர சபையும். எண்ணெய் தேய்த்த தலையோடு அருவிக்கு ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆடலரசனின் ஐந்து சபைகளில் திருவாலங்காடு ரத்தினம், சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம். இங்கே சித்திரம். வழிபாடு பெறுவது சிலையல்ல, சுவரில் தீட்டிய நடராஜர். பாலும் பன்னீரும் இவர்மேல் ஊற்ற முடியாது. மார்கழித் திருவாதிரையில் தாண்டவ தீபாராதனைதான் விசேஷம். மற்றச் சுவர்களில் தேவியின் கோலங்கள், புராணக் காட்சிகள். அகன்ற கண்ணும் கனத்த நகையும் பார்த்தால், மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்பது தானே விளங்கும்.

இந்தச் சுவர்களைப் பார்க்கும்போது தொலைதூரச் சுவர்கள் சில நினைவுக்கு வருகின்றன. சென்ற வாரம் பார்த்த தென்காசிக் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் எழுப்பத் தொடங்கியது 1446இல். ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில், சான் மார்கோ மடத்தின் அறைதோறும் ஃப்ரா ஆஞ்சலிகோ என்ற துறவி இயேசுவின் வாழ்க்கையைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படங்களில் வெற்றிடம் அதிகம். சித்திர சபையிலோ விரல் வைக்க இடமில்லை. எனக்கு இந்த நெரிசல்தான் பிடிக்கிறது. இத்தாலியர் முறையில், ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டிவிட வேண்டும். காயும்போது சுண்ணாம்பே வண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு சுவருக்கே பூச்சு. நம் பிற்காலச் சுவரோவியங்கள் பெரும்பாலும் காய்ந்த பூச்சின்மேல் பசை கலந்த வண்ணத்தால் ஆனவை. நிதானமாக நுணுக்கம் கூட்டலாம். ஆனால் ஈரம் ஏறினால் வண்ணம் உதிரும். சாரல் ஊரில் இது லேசான ஆபத்தா?

சான் மார்கோவில் மாடிப்படி ஏறியதும், வானதூதர் மரியாளிடம் சொன்ன மங்கள வார்த்தையைக் காட்டும் ஓவியம். கடந்து போகிறவர் மரியே வாழ்க சொல்ல மறக்க வேண்டாம் என்று அதன் கீழே எழுதியிருக்கிறது. பராக்கிரமனின் கல்வெட்டும் பின்னால் வருகிறவர்களிடம்தான் பேசுகிறது: இந்தக் கோயிலைப் பழுதுபார்த்துக் காப்பவர் யாரானாலும் அவர் காலில் விழுகிறேன் என்கிறான். ஓர் அரசன் இப்படிச் சொல்வது, எந்த ஓவியத்துக்கும் குறையாத அழகு.

அருவியில் குளித்துவிட்டு ஈர உடம்போடு சபைக்குள் வருகிறவர்களே, துவட்டிக்கொண்டு வாருங்கள். சுவரில் சாயாதீர்கள், விரலால் தடவாதீர்கள். அடுத்த வாரம் ஐந்தருவி.