60 கிலோ தலைவலி

எனக்குத் தலைவலி வந்த கதையைச் சொல்லப் போகிறேன். "தலைவலிக்குக்கூட ஒரு கதையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது மாமியார் கொடுத்த தலைவலி அல்ல. மாதக் கடைசியில் மளிகைக் கணக்குப் பார்த்து வந்த தலைவலியும் அல்ல. 60 கிலோ இரும்பைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியதால் வந்த தலைவலி! தூக்கியவள் மேற்கு மாம்பலத்தில் குடித்தனம் செய்கிற, மூக்குக் கண்ணாடி போட்ட, அப்போது 54 வயது நிறைந்திருந்த சாட்சாத் நானேதான். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்தாகிவிட்டது.

'இந்த வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை?' என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வள்ளியூர்ப் பக்கம். அந்தச் சீமையில் பல ஊர்களில் இளவட்டக்கல் என்று ஒன்று கிடக்கும். வழுவழுவென்று உருண்டையான பாறாங்கல். கையில் பிடி கிடைக்காது. அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிகிற பையனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று அந்தக் காலத்தில் பேச்சு. "அப்பா தூக்கினாரா அம்மா?" என்று கேட்டால் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்பா தூக்கினாரோ இல்லையோ, அம்மா தூக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லை அல்ல, தண்ணீரை! தெருக்கோடிக் கிணற்றிலிருந்து தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக ஒரு நாளைக்கு எத்தனை நடை நடந்திருப்பாளோ, கணக்கே கிடையாது. ஒவ்வொரு முறை குடத்தைத் தூக்கும்போதும், "முருகா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எங்களுக்குப் பொழுது விடியும்.

அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு மாம்பலத்துக்கு வந்துவிட்டாள். 2019-ல் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பெரிய விழுகைகூட இல்லை. உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எலும்பு உள்ளுக்குள்ளே கரையான் அரித்த விட்டம்போல் ஆகிவிட்டது என்றார்கள். எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். இரண்டு குடம் சுமந்த அம்மா, ஒரு டம்ளர் தண்ணீருக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். நான் எடுத்துக் கொடுப்பதற்குள், "உனக்குத்தான் எவ்வளவு சிரமம்!" என்பாள். பிறகு போய்விட்டாள்.

2022-ல் எனக்கு எலும்பின் அடர்த்தியைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். எங்கள் குடும்ப டாக்டர் அம்மாள் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க அம்மா போன பாதையில் நீங்களும் முதல் அடி வச்சிருக்கீங்க" என்றார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரையுமாம். பால், கீரை, மாத்திரை எல்லாம் சரிதான். ஆனால் எலும்புக்கு வேலை கொடுத்தால்தான் அது தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும், ஆகையால் முறையாகக் கற்றுக்கொண்டு பளு தூக்குங்கள் என்று சொல்லிவிட்டார்!

என் கணவர் வேடிக்கை என்றுதான் நினைத்தார். என் மகள் அப்படி நினைக்கவில்லை. இரவோடு இரவாக எதையெதையோ தேடிப் படித்துவிட்டுக் காலையில் வந்து ஒப்பித்தாள். ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2018-ல் முடிவை அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு பிரிவினர் வாரம் இரண்டு நாள், தடவைக்கு அரை மணி நேரம், எட்டு மாதம், கண்காணிப்போடு கனமான பளுவைத் தூக்கினார்கள். அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி கரைவதற்குப் பதிலாகக் கூடியிருந்ததாம். "மல்லேசுவரி 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினாங்க. நீ அதில் கால்வாசி தூக்க மாட்டியா?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டாள்.

ஜிம் என்றால் எனக்கு ஒரே பயம். கதவைத் திறந்தவுடன் காதைப் பிளக்கும் பாட்டு, சுவரெல்லாம் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே என்னைப் பார்த்து விழிக்கிறேன். ஆனால் மாஸ்டர் நல்ல பிள்ளை. "அம்மா, அவசரமே இல்லை" என்று வெறும் கம்பியோடு ஆரம்பித்து வைத்தார். அந்த வெறும் கம்பியே 20 கிலோ! தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து நிமிர்வதற்கு டெட்லிஃப்ட் என்று பெயர். ஆறு மாதத்தில் 40, பிறகு 50 என்று ஏறினேன். இரண்டு சிப்பம் அரிசி! பேருந்தில் நின்றுகொண்டே போக முடிந்தது. மாடிப்படி மாடிப்படியாகவே தோன்றவில்லை. இந்த உற்சாகத்தில் ஒரு காரியம் செய்தேன். இரத்த அழுத்தத்துக்கு நாலு வருஷமாகச் சாப்பிட்டு வந்த மாத்திரையை, யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். 'இனிமேல் எனக்கென்ன?' என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை.

2023 மே மாதம். அக்கினி நட்சத்திர வெயில். அன்றைக்குச் சஷ்டி விரதம் வேறு. காலையிலிருந்து ஒரு வாய்க் காப்பியோடு சரி. மாஸ்டர் வேறு யாரையோ கவனித்துக்கொண்டிருந்தார். நானே இருபக்கமும் இருபது இருபதாக மாட்டினேன். 60 கிலோ. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, ஒரே தம்மில் தூக்கினேன். ஒன்று... இரண்டு... மூன்றாவது தடவை நிமிரும்போது பிடரியில் யாரோ உலக்கையால் இடிக்க ஆரம்பித்தார்கள். நாடி துடிக்கத் துடிக்க ஒவ்வோர் இடியும் விழுந்தது. கம்பியைக் கீழே வைத்தேன்; கண் இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் நான் இருந்த இடத்தில் கரும்புள்ளிகள்தான் இருந்தன.

ஐந்து நிமிஷத்தில் மயக்கம் தெளிந்துவிட்டது. தலைவலி சாயங்காலம் வரை இருந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை. ஏன் தெரியுமா? சொன்னால் என் மாமியார், "பொம்பளைக்கு ஏன் இந்த வேலை?" என்பார், என் கணவர், "அப்பவே சொன்னேன்" என்பார் (அவர் அப்போது எதுவுமே சொல்லவில்லை என்பது வேறு விஷயம்). ஜிம் நின்றுபோகும். நின்றால் என் கண்முன்னே குளியலறையும் கட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீரும்தான். ஆகவே சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு, "வெயில்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் இப்படியே ஓட்டினேன். கனமாகத் தூக்குகிற ஒவ்வொரு நாளும் அந்த உலக்கை வந்தது.

நாலாவது வாரம் கம்பியை வைத்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தவள் அப்படியே சரிந்தேன். பக்கத்திலிருந்த கல்லூரிப் பையன், "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று தாங்கிப் பிடித்திராவிட்டால் இரும்பின்மேல் தலை மோதியிருக்கும். கண் விழித்தபோது மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். விஷயமெல்லாம் வெளியே வந்தது. அவள் கத்தவில்லை. "பாட்டி மாதிரி நீ ஆகக்கூடாதுன்னுதானேம்மா உன்னை இங்கே கூட்டிட்டு வந்தேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்னம்மா செஞ்சிருப்பேன்?" என்றாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

டாக்டர் அம்மாள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். வலி இடி விழுந்ததுபோல் ஒரு நிமிஷத்துக்குள் உச்சிக்கு ஏறியதா? வாந்தி வந்ததா? கழுத்து விறைத்ததா? கை கால் மரத்ததா, பேச்சுக் குழறியதா, பார்வை இரண்டாகத் தெரிந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சுக்குப் பற்று, தைலம் என்று தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். மூளையில் இரத்தக் குழாய் கசிந்தாலும் தலைவலி இப்படித்தான் ஆரம்பிக்கும் என்றார். "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறீங்களா?" என்றும் கேட்டார். "சாப்பிடறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன், மகள் பக்கத்தில் இருந்தாள், உண்மையைச் சொல்லிவிட்டேன். இரத்த அழுத்தம் 170-க்கு 100 இருந்தது. டாக்டர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

தலையையும் இரத்தக் குழாய்களையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். முடிவு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் மகள் என் கையை விடவே இல்லை. தலைக்குள் கோளாறு எதுவுமில்லை என்று எழுதியிருந்தது.

அப்படியானால் வலி எதனால்? டாக்டர் அடுப்பங்கரைப் பாஷையிலேயே சொன்னார். பளுவைத் தூக்கும்போது மூச்சை அடக்கி முக்குகிறோமே, அது குக்கரின் விசிலை அழுத்திப் பிடிக்கிற மாதிரி. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலையிலிருந்து இறங்க வேண்டிய இரத்தம் இறங்க வழியில்லாமல் தேங்குகிறது. இரத்த அழுத்தமும் கூடவே எகிறுகிறது. அதுதான் உலக்கை. கம்பியை வைத்து மூச்சை விட்டவுடன் எகிறிய அழுத்தம் தடாலென்று இறங்குகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு கணம் குறைகிறது. அதுதான் கண் இருட்டல். பட்டினியும் வெயிலும் தண்ணீர் குடிக்காததும் அதற்குத் துணை சேர்ந்துகொண்டன. தூக்குவதற்கு முன் புஸ் புஸ் என்று வேகவேகமாக மூச்சு வாங்கினாலும் தலை சுற்றுமாம். அதையும் செய்திருந்தேன்!

இந்த மூச்சடக்கலுக்கு ஒரு பெயர்கூட இருக்கிறது: வால்சால்வா. 1704-ல் காதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிய இத்தாலிய வைத்தியர் அவர். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஊதினால் காதில் உள்ள சீழ் வெளியேறும் என்று அதில் சொன்னார். விமானத்தில் காது அடைத்தால் நாம் செய்கிறோமே, அதுவேதான். 1985-ல் கனடாவில் ஐந்து கட்டுமஸ்தான வாலிபர்களின் இரத்தக் குழாய்க்குள்ளேயே மெல்லிய குழாயைச் செருகி, இரண்டு காலாலும் பெரும் பாரத்தை உந்தச் சொல்லி அழுத்தத்தை அளந்தார்கள். சராசரியாக 320-க்கு 250 வந்தது. ஒருவனுக்கு 480-க்கு 350-ஐயும் தாண்டிவிட்டது! பாரத்தை விட்ட சில விநாடிகளில் இறங்கிவிட்டது என்பது உண்மை. இளங்காளைகள், தாங்கிக்கொண்டார்கள். மாத்திரையை நிறுத்திய மாம்பலத்து மாமி எப்படித் தாங்குவாள்?

ஆறு வாரம் இரும்பைத் தொடக்கூடாது, மாத்திரையும் நடையும் மட்டும்தான் என்று உத்தரவு. அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகு மறுபடியும் வெறும் கம்பியிலிருந்து ஆரம்பித்தேன். விரத நாளில் விடுமுறை. இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியை அண்ணாந்து பார்க்காமல் கழுத்தை நேரே வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிமிரும்போது மூச்சை வெளியே விட வேண்டும். இதில்தான் சங்கடம். மாஸ்டர், "மூச்சு... மூச்சு..." என்று கத்துவார், எனக்கோ தூக்கும்போது தானாகவே வாய் பூட்டிக்கொள்ளும். "ஏதாவது சத்தம் கொடுத்துக்கிட்டே தூக்குங்கம்மா. பேசும்போது மூச்சை அடக்க முடியாதில்லையா?" என்றார் அவர்.

என்ன சத்தம் கொடுப்பது? குனிந்தேன், கம்பியைப் பிடித்தேன், நிமிர்ந்தேன். "முருகா!" என்று வந்தது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருந்த பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் உலக்கை விழவில்லை.

குத்துகிறவள் "உஸ்" என்பதும், துணி துவைக்கிறவர் "ஸ்ஸோ" என்பதும், வலை இழுப்பவர்கள் "ஏலேலோ" என்பதும் எதற்கு என்று இத்தனை வயதுக்கு நான் யோசித்ததே இல்லை.

போன மாதம் மளிகைக் கடைப் பையன் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டில் ஆண்பிள்ளை யாருமில்லை. காலை அகட்டி நின்று, குனிந்து, "முருகா!" என்று தூக்கினேன். கூடத்து ஊஞ்சலில் என் மாமியார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்பி, "யாரு? சம்பந்தி அம்மாவா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சிப்பத்தை உள்ளே கொண்டுபோய் அரிசியை டிரம்மில் கொட்டினேன்.