காசின் நிறம்

1911-ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கி மேல் கிடக்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு யானை இருக்கிறது. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். தும்பிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்துவிட்டதால் அதைப் பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். முஸ்லிம்களிடையே மனக்கசப்பு கிளம்பியதும் அரசு அந்த ரூபாயை வெளியிடுவதை நிறுத்தியது. 1912-இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி புது அச்சு வந்தது. பழையதைச் சேகரிப்பாளர்கள் இன்றும் ‘பன்றி ரூபாய்’ என்றுதான் தேடுகிறார்கள்.

கரூரில் நான் பார்க்கப் போயிருந்த புகைப்படக்காரரின் மேசையில் அந்த ரூபாய் ஒன்று இருந்தது. விளக்கை நேர் மேலே பிடித்தார். திரையில் தெரிந்தது பன்றிதான். விளக்கை இடப்பக்க மேல் மூலைக்கு நகர்த்தி, நன்றாகத் தாழ்த்தினார். தும்பிக்கைக்கு அடியில் மெல்லிய நிழல் விழுந்தது, யானை வந்துவிட்டது.

“காசு மாறலைங்க சார். வெளிச்சம்தான் மாறுச்சு” என்றார்.

காசுகளைப் படமெடுப்பவர் கரூரில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அமராவதி ஆற்று மணலை அரித்துப் பொன் தேடியவர்களின் கையில் சேரர் காசும் ரோமானியக் காசும் சேர்ந்தே அகப்பட்ட ஊர் இது. ‘மாக்கோதை’ என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த வெள்ளிக் காசு வெளிச்சத்துக்கு வந்ததும் இங்கிருந்துதான். வியாபாரிகள், சேகரிப்பாளர்கள், ஏலத்துக்கு அனுப்புகிறவர்கள் என்று இவரிடம் வருவோர் பலர். ஒரு காலத்தில் கல்யாணங்களுக்குப் படமெடுத்தவர். ஃபிலிம் போனதும் ஸ்டுடியோவை மூடிவிட்டு, வீட்டு மாடி அறையில் இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார். கணினி வேலை முழுவதும் அவருடைய அக்கா மகள் பொறுப்பு.

அறையில் எதுவும் வீணாகவில்லை. டார்க்ரூமில் இருந்த என்லார்ஜரின் தலையைக் கழற்றிவிட்டு, அந்தத் தூணில் கேமராவைக் குப்புற மாட்டியிருக்கிறார். 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். காசு உட்காருவது பழைய ஃபிலிம் டப்பாவின் மேல். அப்படி உயர்த்தி வைத்தால் பின்னணி ஃபோகஸில் வராது, காசின் நிழலும் அதன் மேல் விழாது. வேலை தொடங்குமுன் மேசையில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து கேமரா வழியாகப் பார்க்கச் சொன்னார். லென்ஸின் பிம்பம் கண்ணாடியில் தெரிந்தது. அது சட்டத்தின் நட்டநடுவில் நின்றால்தான் கேமராவும் மேசையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். கொஞ்சம் சாய்ந்தாலும் காசின் ஒரு ஓரம் கூர்மையாகவும் மறு ஓரம் மங்கலாகவும் விழும். ஃபேனை நிறுத்தி, ஷட்டருக்கு இரண்டு நொடி டைமர் வைத்து, கையை எடுத்துவிடுவார். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8. இந்த எண்கள் காசுக்குக் காசு பெரிதாக மாறுவதில்லை. அவர் மாற்றிக்கொண்டே இருப்பது விளக்கைத்தான்.

ஜன்னல்களில் கறுப்புத் துணி. டியூப் லைட் அணைந்திருக்கிறது. வெயில் ஒரு நிறம், டியூப் லைட் ஒரு நிறம்; இரண்டும் கலந்தால் எந்தக் கேமராவாலும் பிரிக்க முடியாது. எரிவது இரண்டு எல்.இ.டி. விளக்குகள் மட்டும். 5,000 கெல்வினுக்கு மேல், நிறங்களைச் சரியாகக் காட்டும் சி.ஆர்.ஐ. அளவு 95. மலிவான எல்.இ.டி.யில் சிவப்பு குறைவாக இருக்கும். செம்பு அதில் செத்துப்போய்த் தெரியும். பளபளப்பான வெள்ளியில் பக்கத்தில் நிற்பவரின் சட்டை நிறம்கூட விழும் என்பதால் அவர் அணிவது சாம்பல் நிறச் சட்டை. ஒவ்வொரு வரிசைக்கும் முதல் படம் சாம்பல் அட்டைக்கு. அதை வைத்துத்தான் ஒயிட் பேலன்ஸ்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்பது ராஜராஜன் செப்புக் காசுகளை எடுத்தபோது புரிந்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவத்தோடு நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’. தமிழ்நாட்டில் சேகரிப்பாளர்கள் பலரிடமும் இருக்கும் காசு. கருத்த காசு என்பதால் கேமராவைத் தன் போக்கில் விட்டால் அதை வெளிறச் செய்துவிடும். வெள்ளியாக இருந்தால் மங்கச் செய்யும். ஆகவே ஒளியளவைக் கையால்தான் வைக்கிறார். பெரிதாக்கிய படத்தில் இரண்டு காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். ஒன்றின் பச்சை இறுகி வழுவழுப்பாக, ஆழ்ந்த நிறத்தில் படிந்திருந்தது. அந்தக் களிம்பு உலோகத்துக்குக் காப்பு. மற்றொன்றில் எழுத்தின் இடுக்கில் வெளிர்ப்பச்சையாய்ப் பொடி பூத்திருந்தது. அது குளோரைடு, ஈரம் பட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும் நோய். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பச்சையின் சாயல் வித்தியாசம் மட்டுமே. செல்போன் படத்தில் அது காணாமல் போகும். ஊரில் பலரும் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்த்த காசும் ஒன்று வந்திருந்தது. ஆயிரம் வருடத்துக் களிம்பு போய், வெறும் செம்பு இளஞ்சிவப்பாய் இளித்தது. நிறத்தைச் சரியாகக் காட்டினால் வாங்குபவருக்கு இது படத்திலேயே தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே சில வியாபாரிகளுக்கு இவரைப் பிடிக்காது.

வெள்ளியின் கதை வேறு. காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளியின் மேல் மிக மெல்லிய படலம் உண்டாகிறது. அது தடிக்கத் தடிக்கப் பொன்மஞ்சள், செம்மை, நீலம் என நிறம் மாறும். சேகரிப்பாளர்கள் டோனிங் என்று கொண்டாடுவது இதைத்தான். ஆனால் காசைச் சரியாகச் சாய்த்தால் ஒழிய அது கண்ணுக்குப் படாது. நேராக வைத்த காசில் அதைப் பிடிக்க அவர் செய்வது அழகான ஏற்பாடு. லென்ஸுக்கும் காசுக்கும் இடையில் ஒரு கண்ணாடித் துண்டை 45 டிகிரி சாய்த்து வைக்கிறார். பக்கவாட்டு விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு நேர் கீழே இறங்கி, காசில் பட்டு எழும்பி, அதே கண்ணாடியைக் கடந்து லென்ஸுக்குப் போகிறது. எதிர்ப்பக்கம் ஒரு கறுப்பு வெல்வெட் துணி, வீணாகும் ஒளியை உறிஞ்சிக்கொள்ள. அதுவரை சாம்பலாய்க் கிடந்த விக்டோரியா ரூபாயின் ஓரத்தில் நீலமும் பொன்னும் வட்டமாக விரிந்ததைப் பார்த்தபோது நான் வாய்விட்டு வியந்தேன்.

அக்கா மகள் தன் திரைக்குப் பக்கத்தில் அதே வகை விளக்கின் கீழ் காசை வைத்து, படத்தையும் காசையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வியாபாரியிடமிருந்து போன் வந்தது.

“மாமா, கலரைக் கொஞ்சம் ஏத்திக் கொடுக்கச் சொல்றாங்க.”

“காசுல இருக்கறதுதான் வரும்னு சொல்லு கண்ணு.”

கந்தகப் புகை காட்டிப் போலி டோனிங் ஏற்றுகிறவர்கள் இருக்கிற சந்தையில், ஏற்றிய நிறம் மோசடிக்குத் துணைபோகும். அவள் படத்தில் செய்வது ஓரம் வெட்டுவதும் சாம்பல் அட்டைக்கு நிறத்தைப் பொருத்துவதும்தான். கோப்பின் பெயரில் எடையும் விட்டமும் சேர்கின்றன. அந்த ரூபாய்க்கு 11.66 கிராம் என்று எழுதினாள்.

மண்ணிலிருந்து எடுத்ததாகச் சொல்லி யாராவது காசு கொண்டுவந்தால் அவர் படமெடுப்பதில்லை. 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்துவிட்டு வரச் சொல்கிறார்.

கடைசியாகத் தேய்ந்த காசுகள். இதற்கு ஒரே விளக்கு, மேசையோடு மேசையாகப் படுத்த நிலையில். உழுத வயலில் சாயங்கால வெயில் விழுவதுபோல ஒவ்வொரு மேடும் நிழல் நீட்டுகிறது. கையில் தடவினால்கூடத் தெரியாத எழுத்து எழுந்து நிற்கிறது. ஆனால் இந்த வெளிச்சத்தில் நிறம் சுத்தமாகப் போய்விடும். பழைய காலத்து அருங்காட்சியகப் பட்டியல்களில் காசைச் சாந்தில் வார்ப்பெடுத்து, அந்த வெள்ளை வார்ப்பைப் படமெடுத்தார்கள். பளபளப்பும் கறையும் இல்லாமல் எழுத்து துலங்கியது; உலோகத்தின் நிறம் போயே போயிற்று. நிறத்துக்கான வெளிச்சமும் எழுத்துக்கான வெளிச்சமும் ஒன்றாக இருக்க முடியாது என்பதால், இவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம் கொடுக்கிறார், விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்ற குறிப்போடு. ஏலப் பட்டியல்காரர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் போடுகிறார்கள். இரண்டையும் போட வேண்டும் என்பதே என் எண்ணமும். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன்.

“எழுத்தை வரைஞ்சு காட்டிடலாமுங்க. பச்சையை எப்படிங்க வரையறது?” என்று நிறப் படத்தை என் பக்கம் நகர்த்தினார்.